தலைவரியிலிருந்து சோலைவரி வரை: இலங்கை உள்ளூராட்சி நிதியின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

இலங்கையின் உள்ளூராட்சி வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் சபைகளின் அமைப்பு, தேர்தல் முறை, அங்கத்தவர் தொகை, அதிகார எல்லை ஆகியவற்றையே முதன்மைப்படுத்தி எழுதியுள்ளனர். எந்தச் சட்டம் எந்த ஆண்டில் நிறைவேறியது, எவர் தலைமை வகித்தார் என்பன பற்றி நாம் நிறைய அறிந்திருக்கிறோம். ஆனால், அச்சபைகள் எந்தப் பணத்தைக் கொண்டு இயங்கின, அப்பணம் எவரிடமிருந்து எவ்வாறு பெறப்பட்டது, எவர் கொடாது தப்பினர் என்னும் வினாக்கள் உரிய கவனத்தைப் பெறவில்லை. வரியின் வரலாற்றை விலக்கிவிட்டு உள்ளூராட்சியின் வரலாற்றைப் பேசுவது, எண்ணெயைப் பற்றிப் பேசாது விளக்கைப் பற்றி மட்டும் பேசுவது போன்றதாகும். இந்நாட்டின் கிராமங்களுக்கு வாக்குரிமை படிப்படியாக வந்து சேர்ந்தது. ஆனால், அந்த வாக்குரிமையைப் பொருளுடையதாக்கக்கூடிய நிலவரி அவற்றின் கைக்கு என்றுமே முறையாக வரவில்லை. பின்னாளில் எழுந்த பல குறைபாடுகளின் வேர் இங்கேயே உள்ளது என்பதே இக்கட்டுரை எடுத்துக்காட்ட முனையும் கருத்தாகும்.

ஆங்கிலேயர் வருகைக்கு முன்னர் ஊர்ப் பொதுக்காரியங்கள் பணத்தால் அன்றி உழைப்பாலேயே நடைபெற்றன. கண்டி இராச்சியத்தின் கிராமங்களில் கம்சபா எனப்பட்ட ஊர்க்கூட்டம் நீர்ப்பங்கீடு, வேலி, வயல் எல்லை முதலியவற்றைத் தீர்த்து வைத்தது. குளக்கட்டைத் திருத்தவும் வாய்க்காலைத் துப்புரவாக்கவும் பயிரிடுவோர் தம் நிலத்தின் அளவுக்கேற்ப உடலுழைப்பு அளித்தனர். அரசனுக்குரிய இராஜகாரியமும் நிலத்தோடு பிணைந்ததே. யாழ்ப்பாணத்திலோ நிலைமை சற்று வேறுபட்டிருந்தது. போர்த்துக்கேயரும் அவர்களை அடுத்து ஒல்லாந்தரும் காணிகளைத் தோம்பில் பதிந்து, தலைவரி, நிலவரி, அதிகாரிவரி எனப் பலவாறு பணமாகவே இறுத்தனர். இவற்றோடு குறிப்பிட்ட சாதியினர் மீது ஊழியமும் சுமத்தப்பட்டது. ஆனால் இந்த வரிப்பணம் ஊருக்குத் திரும்பியதில்லை. அது கம்பனியின் கணக்கிற்கே போய்ச் சேர்ந்தது. எனவே யாழ்ப்பாணத்துக் குடியானவன் வரி என்பதை ஊரின் பொது நன்மைக்குரிய பங்களிப்பாக அன்றி, மேலிருந்து வருவோன் வாங்கிச் செல்லும் ஒன்றாகவே நெடுங்காலம் அறிந்திருந்தான் என்று கொள்வதில் தவறில்லை.

கோல்புறூக் ஆணைக்குழுவின் விசாரணையை அடுத்து 1832 ஆம் ஆண்டில் இராஜகாரிய முறை ஒழிக்கப்பட்டது. இதனை மனித சுதந்திரத்தின் வெற்றியாகப் பாராட்டுவது வழக்கம். அவ்வாறு பாராட்டுவதில் நியாயமும் உண்டு. ஆயினும், குளமும் வாய்க்காலும் தெருவும் எந்தக் கட்டாயத்தின் கீழ் பேணப்பட்டு வந்தனவோ அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டபோது, அதன் இடத்தில் வேறெந்த ஏற்பாடும் வைக்கப்படவில்லை. உலர் வலயத்தின் சிறு குளங்கள் பல இக்காலத்திலேயே பாழடைந்தன. கோப்பித் தோட்டங்கள் மலைநாட்டில் விரைந்து பரவிய காலமும் இதுவே. கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுவரத் தெருக்கள் வேண்டும். தெருக்களுக்குப் பணம் வேண்டும். இந்த நெருக்கடியிலிருந்தே இலங்கையின் முதலாவது உள்ளூர் வரி பிறந்தது.

1846 ஆம் ஆண்டளவில் ஐரோப்பாவில் ஏற்பட்ட வர்த்தக மந்தம் கோப்பி விலையை வீழ்த்தியது. குடியேற்ற அரசின் வருமானமும் வீழ்ந்தது. குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் ரெனன்ற் தாம் அளித்த அறிக்கையில் ஏற்றுமதித் தீர்வைகளைக் குறைத்து, நிலத்தின் மீது நேர்வரி விதிக்கும் யோசனையை முன்வைத்தார். அவ்வரி தோட்டக்காரனையும் குடியானவனையும் ஒருங்கே தொட்டிருக்கும். ஆனால் நடைமுறைக்கு வந்தது நிலவரியன்று. தேசாதிபதி டொறிங்டன் பிரபு 1848 இல் நாய்க்கும் துப்பாக்கிக்கும் கடைக்கும் வரி விதித்ததோடு, தெருக் கட்டளைச் சட்டத்தையும் நிறைவேற்றினார். அச்சட்டத்தின்படி 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஒவ்வோர் ஆடவனும் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்ய வேண்டும். செய்ய விரும்பாதவன் மூன்று சிலிங் செலுத்த வேண்டும். அதாவது ஒருவனது ஒருநாள் உழைப்பு ஆறு பென்சாகக் கணிக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான ஏக்கரில் கோப்பி பயிரிட்டவனும், ஒரு பரப்புக் காணியும் இல்லாத கூலியாளும் ஒரே மூன்று சிலிங்கையே கொடுக்கக் கடமைப்பட்டனர். முன்னவனுக்கு அது ஒரு வேளை உணவின் விலை. பின்னவனுக்கு ஒரு வாரக் கூலி.

இவ்வரிகளை எதிர்த்துக் கொழும்பில் டாக்டர் கிறிஸ்தோபர் எலியட் முதலியோர் கிளர்ச்சி செய்ததும், மாத்தளையிலும் குருநாகலிலும் ஆயுதமேந்திய எழுச்சி மூண்டதும், இராணுவச் சட்டம் பிரகடனப்படுத்தப்பட்டுப் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டதும் யாவரும் அறிந்த வரலாறு. பௌத்த பிக்குகளும் தெருவேலைக்கு உட்பட்டவர்களே என முதலில் கொள்ளப்பட்டமை கண்டிப் பகுதியில் பெருங் கொந்தளிப்பை உண்டாக்கியது. பின்னர் அவர்களுக்கு விலக்களிக்கப்பட்டது. நாய் வரி போன்றவை கைவிடப்பட்டன. ஆனால் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. 1848 இன் வரிகளுள் மிகக் கூடுதலானோரைத் தாக்கிய தலைவரி மட்டும் கைவிடப்படவில்லை. எழுச்சி அடக்கப்பட்டது, டொறிங்டன் 1850 இல் மீள அழைக்கப்பட்டார், வரியோ நிலைத்தது.

1861 ஆம் ஆண்டின் வழிப்பாதைக் கட்டளைச் சட்டம் மாகாணந்தோறும் மாவட்டந்தோறும் தெருக் குழுக்களை அமைத்து, இவ்வரிப் பணத்தை அவற்றின் பொறுப்பில் விட்டது. அரசாங்க அதிபரே குழுவின் தலைவர். வரி கொடுத்த பெருந்தொகையினருக்குக் குழுவில் குரல் இருந்ததில்லை. சுமை முழுவதையும் சுமந்தவன் குடியானவன். எந்தத் தெரு முதலில் போடப்பட வேண்டும் என்று தீர்மானித்தவர்களோ அதிபரும் தோட்டத்துரைமாரும் ஆவர். இந்த ஏற்பாடு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் பெரிய மாற்றமின்றி நீடித்தது. 1920 களின் தொடக்கத்தில் யங் லங்கா லீக்கைச் சேர்ந்த ஏ. ஈ. குணசிங்க முதலியோர் பணம் செலுத்த மறுத்து, அதற்குப் பதிலாகத் தாமே தெருவில் இறங்கி வேலை செய்து தலைவரியின் அநீதியை உலகறியச் செய்தனர். படித்த மேல்வகுப்பார் நடத்திய அரசியற் சீர்திருத்த இயக்கம் சட்டசபை ஆசனங்களையே பெரிதும் நாடி நின்ற அக்காலத்தில், வரி என்னும் பொருளைப் பொதுமக்களின் அரசியலாக்கிய முயற்சி இது என்பது குறிப்பிடத்தக்கது.

நகரங்களின் கதை வேறு. 1865 ஆம் ஆண்டின் மாநகர சபைக் கட்டளைச் சட்டம் கொழும்புக்கும் கண்டிக்கும், சிறிது பின்னர் காலிக்கும் சபைகளை வழங்கியது. அவற்றின் வருமானத்துக்கு அடிப்படையாக அமைந்தது ஆதனத்தின் வருடாந்தப் பெறுமதி மீதான வரியாகும். நம்மவர் இதனைச் சோலைவரி என்பர். ஒரு வீட்டையோ கடையையோ ஆண்டொன்றுக்கு வாடகைக்குக் கொடுத்தால் எவ்வளவு கிடைக்கும் என மதிப்பிட்டு, அத்தொகையில் நூற்றுக்கு இத்தனை வீதம் என அறவிடுவதே இதன் முறை. 1601 இன் ஏழைகள் பராமரிப்புச் சட்டத்தின் காலந்தொட்டு இங்கிலாந்தின் ஊர்களில் வேரூன்றிய இம்முறை, குடியேற்ற ஆட்சியோடு கப்பலேறி இங்கு வந்தது. இதன் சிறப்பு எளிதில் விளங்கும். ஆதனம் ஓடி ஒளியாது. பெறுமதி கூடியவன் கூடக் கொடுக்கிறான். சபை தெருவைச் செப்பனிட்டு விளக்கேற்றினால் ஆதனத்தின் பெறுமதி உயரும். பெறுமதி உயர்ந்தால் வரி உயரும். ஆகவே சபை தான் செய்த நற்பணியின் பயனில் ஒரு பகுதியைத் தானே திரும்பப் பெறுகிறது. வரி கொடுத்தோருக்கே வாக்குரிமையும் இருந்தமையால், அங்கத்தவரை நோக்கி எங்கள் பணம் எங்கே என்று கேட்கும் வழக்கமும் நகரங்களில் உருவாயிற்று. வாக்குரிமை ஆதனமுடையோருக்கு மட்டும் உரியதாயிருந்தமை அதன் பெருங்குறை என்பதையும் மறந்துவிடலாகாது.

1876 இல் உள்ளூர்ச் சபைகளும், 1892 இல் சிறு பட்டினங்களுக்கான சுகாதாரச் சபைகளும் தோன்றின. யாழ்ப்பாணம் 1906 இல் உள்ளூர்ச் சபையையும், 1920 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி நகர மாவட்ட சபையையும், பின்னர் நகர சபையையும் பெற்று, 1949 இல் மாநகர சபையாயிற்று. இப்படிநிலைகள் ஒவ்வொன்றிலும் வரிவிதிக்கும் ஆற்றல் சிறிது சிறிதாக விரிந்தது. எனினும் சோலைவரியால் மட்டும் ஒரு நகரம் தன் கனவுகளை நிறைவேற்ற இயலவில்லை. 1959 இல் திறந்து வைக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் கட்டடம் களியாட்ட விழாக்களின் வசூலையும் நன்கொடைகளையும் பெருமளவு நம்பியே எழுந்தது. சபையின் ஒழுங்கான வருமானம் நாளாந்தப் பராமரிப்புக்கே போதுமாயிருந்தது என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை. அந்த நூலகம் 1981 ஆம் ஆண்டு மே மாத இறுதியில், ஓர் உள்ளூராட்சித் தேர்தலை முன்னிட்ட நாட்களிலேயே எரிக்கப்பட்டது.

இனிக் கிராமங்களுக்கு வருவோம். இக்கட்டுரையின் மையப் பொருளும் அதுவே. 1856 ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டமும், தேசாதிபதி ஹேர்க்கியூலிஸ் றொபின்சன் காலத்தில் 1871 இல் நிறைவேறிய கிராமச் சமுதாயக் கட்டளைச் சட்டமும் பழைய கம்சபாவைப் புதுப்பிக்க முயன்றன. கிராமச் சங்கம் விதிகளை ஆக்கலாம். கிராம நீதிமன்று சிறு வழக்குகளைத் தீர்க்கலாம். ஆனால் தனக்கெனச் சொல்லத்தக்க வரி எதுவும் சங்கத்திடம் இருக்கவில்லை. குற்றப்பணமும் அனுமதிக் கட்டணமும் ஊராரின் உடலுழைப்புமே அதன் முதல். கிராமத்தில் வரிக்குரிய செல்வம் என்று ஒன்று இருந்தால் அது நிலமே. நிலத்தின் மீது விதிக்கப்பட்ட ஒரேயொரு பெரிய வரி நெல்வரி. அது கிராமத்துக்குரியதன்று, மத்திய அரசுக்குரியது.

நெல்வரி பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் தகும். விளைச்சலில் ஒரு பங்கைத் திறைசேரிக்குச் சேர்ப்பிக்கும் இவ்வரியை முதலில் குத்தகைக்காரர் ஏலத்தில் எடுத்து அறவிட்டனர். அவர்களது கெடுபிடி குடியானவனை வாட்டியது. 1878 ஆம் ஆண்டின் சட்டம் விளைச்சலுக்குப் பதில் ஆண்டுதோறும் மாறாத பணத்தொகையை விதித்தது. நல்ல விளைச்சல் ஆண்டில் இது இலகுவாயிற்று. மழை பொய்த்த ஆண்டில் கொடுக்க வழியின்றிக் குடியானவர் தத்தளித்தனர். 1880 களில் வலப்பனைப் பகுதியில் வரி நிலுவைக்காக வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டு, குடும்பங்கள் நிலமிழந்து அலைந்த செய்தி இங்கிலாந்து வரை எட்டியது. அதிகாரி லெ மெசூரியர் இதனை வெளிப்படுத்தியதும், சுதந்திர வர்த்தகவாதிகள் அதனைக் கையிலெடுத்ததும் விவாதத்தை வளர்த்தன. ஈற்றில் தேசாதிபதி ஹவ்லொக் காலத்தில் நெல்வரி முற்றாக ஒழிக்கப்பட்டு, 1893 ஆம் ஆண்டின் முதல் நாள் முதல் அது அறவிடப்படவில்லை.

இதனைக் கருணைமிக்க செயலாகவே வரலாற்று நூல்கள் பெரும்பாலும் குறிப்பிடும். வலப்பனையின் ஏழைக் குடியானவனுக்கு அது கருணைதான். ஆனால் இன்னொரு வழியும் இருந்தது. வரியைத் திருத்தி, தென்னையும் கோப்பியும் தேயிலையும் உட்பட எல்லா நிலத்துக்கும் பொதுவாக்கி, சிறு காணிகளை விலக்கி, அதன் வருமானத்தைக் கிராமச் சங்கங்களிடம் ஒப்படைத்திருக்கலாம். அவ்வழி எடுக்கப்படவில்லை. பெருந்தோட்ட உரிமையாளர் பொது நிலவரியை விரும்பவில்லை. நெல்வயலைப் பெருமளவில் வைத்திருந்த உள்நாட்டு உயர்குடியினருக்கும் முழு ஒழிப்பே உவப்பாயிருந்தது. இறக்குமதி அரிசி மீதான தீர்வையோ அப்படியே விடப்பட்டது. அந்த அரிசியை விலைக்கு வாங்கி உண்டோருட் பெரும்பகுதியினர் தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர் ஆவர். நிலமுடையோன் வரியிலிருந்து விடுபட, நிலமற்றோன் தன் சோற்றின் மீது தொடர்ந்து வரி கொடுத்தான்.

இவ்வாறு பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும்போது இலங்கையின் கிராமப்புற நிலம் நேர்வரி எதுவுமற்றதாயிற்று. வருமான வரியும் 1932 இல்தான் வந்தது. ஒருமுறை வரியற்றதாகிய நிலத்தின் மீது மீண்டும் வரி விதிப்பது எந்த அரசியல்வாதிக்கும் எளிதன்று. வாக்குரிமை விரிந்தபின் அது இன்னும் கடினமாயிற்று. 1924 ஆம் ஆண்டின் கிராமச் சமுதாயக் கட்டளைச் சட்டம் கிராமச் சங்கங்களைச் சட்டரீதியான நிறுவனங்களாக்கி, வரி விதிக்கும் அதிகாரத்தையும் தந்தது. டொனமூர் அரசியலமைப்பின் கீழ் உள்ளூர் நிருவாக அமைச்சராக 1936 முதல் பணியாற்றிய எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க சங்கத் தலைவரை மக்களே தெரிந்தெடுக்கும் முறையைக் கொணர்ந்தார். அதுவரை விதானையாரின் நிழலில் இருந்த சங்கம் உண்மையான மக்கள் சபையாகும் தறுவாயை எய்தியது. ஆனால் விதிக்கலாம் என்று சட்டம் கூறிய வரிகளை விதிக்கச் சங்கங்கள் தயங்கின. அடுத்த வீட்டானிடம் வாக்குக் கேட்டுச் சென்றவன் அவன் காணிக்கு வரி போடுவானா? மத்திய அரசின் மானியத்தை எதிர்பார்ப்பதே சுலபமாயிருந்தது.

அதே சீர்திருத்தத்தின் மறுபக்கமொன்றும் உண்டு. 1937 இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் தோட்டங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தொழிலாளருக்குக் கிராமச் சங்க வாக்குரிமையை மறுத்தது. இந்திய அரசின் ஆட்சேபத்தின் பின், இனத்தைச் சுட்டாது தோட்டத் தொழிலாளர் என்ற சொல்லால் அதே விலக்கு நிலைநிறுத்தப்பட்டது. தோட்டத்தின் தேவைகளைத் தோட்ட நிருவாகமே கவனிக்கிறது, எனவே தோட்டம் கிராமத்துக்குப் புறம்பானது என்ற எண்ணமே இதன் அடியில் இருந்தது. வரியும் வாக்கும் சேவையும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தவை. ஒன்றை அறுத்தால் மற்றவையும் அறும். தோட்டம் முறையாக வரி செலுத்தியிருந்தால் அங்கு வாழ்வோருக்குத் தெருவும் நீரும் வேண்டும் என்று கேட்கச் சபைக்குக் கடமை ஏற்பட்டிருக்கும். உள்ளூர் வரியின் வரலாறு மலையகத் தமிழரின் உரிமை வரலாற்றோடு இவ்வாறு நேரடியாகத் தொடுக்கப்பட்டிருப்பதை நம் ஆய்வாளர் போதிய அளவு எடுத்துப் பேசவில்லை.

சுதந்திரத்துக்குப் பின் உள்ளூராட்சியை ஆராய நியமிக்கப்பட்ட சொக்சி ஆணைக்குழு 1955 இல் அறிக்கை சமர்ப்பித்தது. நிதிப் பற்றாக்குறை அன்றே உணரப்பட்டிருந்தது; ஆனால் அடிப்படை மாற்றம் வரவில்லை. 1981 இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகள் தோன்றியபோது, ஐந்நூறுக்கு மேற்பட்ட கிராம சபைகளும் எண்பதுக்கு மேற்பட்ட பட்டின சபைகளும் ஒருங்கே ஒழிக்கப்பட்டன. தனக்கென வரியுடைய ஒரு நிறுவனத்தை இவ்வளவு எளிதில் கலைத்துவிட முடியாது. மானியத்தில் வாழ்ந்தவற்றைக் கலைக்க ஒரு சட்டமே போதுமாயிற்று. வடக்கில் 1983 இன் பின் யாழ்ப்பாணத்தில் அடுத்த உள்ளூராட்சித் தேர்தல் 1998 சனவரியிலேயே நடைபெற்றது. இடையில் வீடுகள் இடிந்தன, உரிமையாளர் இடம்பெயர்ந்தனர், 1990 இன் பின் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை இயங்கவில்லை. மதிப்பிட ஆதனமும் இல்லை, செலுத்த ஆளும் இல்லை என்ற நிலையில் அங்கு சோலைவரி ஏடுகள் வெறும் பெயர்ப்பட்டியலாயின.

1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் கிராமப்புற உள்ளூராட்சியை மீண்டும் நிறுவியது. இதன் வரி ஏற்பாடுகளைப் படிப்பவர் வியப்படைவர். கட்டடங்கள் செறிந்த பகுதிகளில் வருடாந்தப் பெறுமதி மீது வீதாசாரப்படி சோலைவரி விதிக்கலாம். ஏனைய பகுதிகளின் பயிர்நிலத்துக்கு ஏக்கர் வரி. அதன் உச்ச அளவோ பெறுமதியின் வீதமாக அன்றி, ஹெக்டேயருக்கு இத்தனை ரூபா எனச் சட்டத்திலேயே எழுதப்பட்டது. வியாபாரங்கள் மீதான வரிக்கு முந்திய ஆண்டின் வரவே அளவுகோல். ஆண்டு வரவு 6,000 ரூபாவைத் தாண்டாவிடில் வரியில்லை. 12,000 வரை 90 ரூபா. இவ்வாறு ஏறி, 1,50,000 ரூபாவைத் தாண்டினால் 3,000 ரூபா. அதற்கு மேல் எவ்வளவு வரவு வந்தாலும் 3,000 ரூபாவே. மாதம் 12,500 ரூபாவுக்குச் சற்றுக் கூடுதலாக வரவுடைய தெருமுனைக் கடைக்காரனும், ஆண்டுக்கு 15 கோடி ரூபா வரவுடைய நிறுவனமும் ஒரே தொகையைச் செலுத்துவர். முன்னவனுக்கு அது வரவில் ஏறத்தாழ இரண்டு வீதம், பின்னவனுக்கு 0.002 வீதம். 1848 இன் மூன்று சிலிங்கை இங்கு நினையாதிருக்க முடியவில்லை. வாகனங்களுக்கும் விலங்குகளுக்குமான பட்டியலில் வண்டிலுக்கு 20 ரூபா, றிக்‌ஷாவுக்கு 7 ரூபா 50 சதம், குதிரைக்கு 15 ரூபா, யானைக்கு 50 ரூபா. 2020 களில் வெளியான பிரதேச சபை அறிவித்தல்களிலும் இதே எண்கள் ஆண்டுதோறும் அச்சிடப்பட்டு வந்தன. மாட்டுவண்டிலே காணக் கிடைக்காத ஊரில் யானைக்கும் றிக்‌ஷாவுக்கும் வரி நிர்ணயிக்கும் தீர்மானம் ஒழுங்காக நிறைவேற்றப்படுகிறது. சிரிப்புக்கிடமான இந்தப் பட்டியலின் உட்பொருள் சிரிப்புக்குரியதன்று. ரூபாவில் எழுதப்பட்ட வரி, ரூபாவின் பெறுமதி வீழும்போதெல்லாம் தானும் வீழ்கிறது. அதனைத் திருத்தும் உரிமை சபைக்கு இல்லை, பாராளுமன்றத்துக்கே உண்டு.

பதின்மூன்றாம் திருத்தத்தின் பின் காணிக் கைமாற்ற முத்திரைத் தீர்வையும் நீதிமன்றக் குற்றப்பணமும் மாகாண சபைகளின் வழியாக உள்ளூர்ச் சபைகளை அடைகின்றன. இவை பயனுள்ள வருமானங்களே. ஆனால் இவற்றைச் சபை விதிப்பதில்லை. வரும்போது பெற்றுக்கொள்கிறது, தாமதித்தால் காத்திருக்கிறது. நிரந்தர ஊழியரின் சம்பளத்தில் பெரும் பகுதியும் மானியமாகவே வருகிறது. சம்பளம் கொடுப்பவர் வேறொருவராயிருக்க, ஊழியரை வழிநடத்தும் பொறுப்பு சபையினதாயிருப்பது எவ்வளவு தூரம் சாத்தியம் என்பதை அனுபவமுடையோர் அறிவர்.

மானியமே வேண்டாம் என்று கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. வறிய சபையும் செல்வச் சபையும் தத்தம் வரியையே நம்ப விட்டால், கொழும்பு வாழும், வெலிஓயாவும் மாந்தையும் வாடும். சமனாக்கும் மானியம் இன்றியமையாதது. ஆனால் அது சனத்தொகை, வறுமை, வரிவலு ஆகியவற்றை அளந்து சூத்திரப்படி வழங்கப்பட வேண்டுமேயன்றி, அமைச்சரின் விருப்பத்தைப் பொறுத்ததாக இருத்தலாகாது. நிலத்தின் மீதான வரி ரூபாவில் அன்றிப் பெறுமதியின் வீதத்தில் அமைய வேண்டும். சிறு காணி விலக்கப்பட்டுப் பெருங்காணியே சுமக்க வேண்டும். மதிப்பீடு காலந்தோறும் தவறாது புதுப்பிக்கப்பட வேண்டும். இறுதியாகச் சொன்னதே அரசியலில் மிகக் கடினமானது. சோலைவரியின் தாயகமாகிய இங்கிலாந்திலேயே மறுமதிப்பீட்டுக்கு அஞ்சிய அரசு அவ்வரியை ஒழித்து, 1990 இல் தலைவரியைக் கொணர்ந்து, இலண்டன் தெருக்களில் கலவரத்தைக் கண்டு, 1993 இல் அதனைக் கைவிட்டது. அதற்குப் பதிலாக வந்த சபை வரியும் 1991 ஆம் ஆண்டின் பெறுமதிகளையே இன்றளவும் பற்றி நிற்கிறது. டொறிங்டனின் பாடத்தை அவருடைய நாடு நூற்று நாற்பது ஆண்டுகளின் பின் தன் வீட்டில் மீண்டும் படிக்க நேர்ந்தது.

மலையகத்தில் மாற்றம் 2018 இலேயே தென்பட்டது. அதுவரை பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குத் தடையின்றிச் செலவிட இடந்தரவில்லை என்றே கொள்ளப்பட்டு வந்தது. தோட்ட மக்கள் வாக்களித்தனர், அங்கத்தவரும் ஆயினர். ஆனால் தம்மைத் தெரிவு செய்த லயத்துக்குச் செல்லும் பாதையைத் திருத்த அவர்களால் முடியவில்லை. 2018 இன் திருத்தம் இத்தடையை நீக்கியது. அவ்வாண்டிலேயே தலா ஏறத்தாழ இரண்டு இலட்சம் மக்களைக் கொண்டிருந்த நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் பிரிக்கப்பட்டு, நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்னும் புதிய சபைகள் இயங்கத் தொடங்கின. எனினும், செலவிடும் அதிகாரம் வந்தபோது அதனுடன் வருமானம் வரவில்லை. அச்சபைகளின் எல்லைக்குள் பரந்துள்ள தேயிலை நிலம் ஏக்கர் வரியின் பழைய ரூபாக் கணக்கிலேயே இருந்தது.

பணத்துக்கும் வாக்குக்கும் உள்ள உறவு எத்தகையது என்பதை 2023 ஆம் ஆண்டு நாடு முழுவதும் கண்டது. சபைகளின் பதவிக்காலம் மார்ச்சில் முடியவிருக்க, அம்மாதம் 9 ஆம் திகதிக்குக் குறிக்கப்பட்டிருந்த தேர்தல், திறைசேரி நிதியை விடுவிக்காமையால் நடைபெறவில்லை. சபைகள் கலைந்து அதிகாரிகளின் கைக்குச் சென்றன. இது மக்களின் அடிப்படை உரிமையை மீறியதென உயர் நீதிமன்றம் 2024 ஓகத்தில் தீர்ப்பளித்தது. தேர்தல் 2025 மே 6 ஆம் திகதி நடைபெற்றது. இரண்டாண்டுகளுக்கு மேற்பட்ட அந்த இடைவெளியில் சோலைவரிப் பற்றுச்சீட்டுகள் காலாண்டு தவறாது வழங்கப்பட்டுக்கொண்டே இருந்தன.